வெள்ளச்சி தலை சாய்த்த இடம்

வெள்ளச்சியின் வாலடியில் அந்தக் கறுப்புப் பருவை மாயாண்டி முதலில் கண்டது, ஜப்பான்காரன் வந்த ஐந்தாம் மாதம். குளிப்பாட்டும்போது விரலில் தட்டுப்பட்டது. மிளகளவுதான் இருந்தது. உண்ணி என்று நினைத்து நகத்தால் நிமிண்டினார். வரவில்லை. தோலுக்குள்ளிருந்தே முளைத்திருந்தது.

மாயாண்டி மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் குதிரைக்காரர். நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். லாயத்தை ஒட்டிய அறையில் தனியாக இருந்தார். லுக்குட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த முக்குப்பாலத் தோட்டத்துக்குத் வெள்ளைக்காரத் துரை அந்தப் பெண்குதிரையைக் கப்பலில் வரவழைத்தபோது அவளுக்கு மூன்று வயது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பந்தயம் ஓடி நான்கு கோப்பைகள் ஜெயித்தாள். பந்தயத் தாளில் நீளமாக ஏதோ ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. தோட்டத்து ஜனங்களின் வாயில் அது நுழையவில்லை. வந்தபோது கருஞ்சாம்பலாக இருந்தவள் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வந்து, பத்து வயதில் ஒரு கறுப்பு மயிர்கூட இல்லாமல் ஆகிவிட்டாள். அதனால் வெள்ளச்சி.

ஜப்பான் படை சிரம்பானை நெருங்கியபோது துரை காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். போகும்முன் லாயத்துக்கு வந்து, அவள் நெற்றியில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அதன்பிறகு பங்களா பூட்டிக் கிடந்தது. அவர் டென்னிஸ் ஆடிய இடத்தில் இடுப்பளவு லாலான் புல் ஏறிவிட்டது. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லாததால் மரங்களில் கத்தி படவில்லை. விடிந்தால் வாளிச் சத்தம் கேட்ட ரப்பர்க் காட்டில், வெயிலில் காய் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பட்டென்று ஒன்று வெடிக்கும். அப்புறம் வெகுநேரம் எதுவும் கேட்காது.

மூன்று மாதத்தில் அந்த மிளகு திராட்சைக் கொத்தாகிவிட்டது. ஜப்பான் சிப்பாய்கள் குதிரை தேடி வந்த நாளில் ஒருவன் அவள் வாலைத் தூக்கிப் பார்த்தான். பார்த்தவன் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினான். மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். சைக்கிள்களையும் பன்றிகளையும் எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டிதான் தன் குதிரையைக் காப்பாற்றியது என்பதை நினைக்க மாயாண்டிக்குச் சங்கடமாக இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் சீவரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் இருந்தார். மருந்து அலமாரியில் பாதி காலி. மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் குதிரைக்கு வரச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் மாயாண்டி போய்க் கேட்டார். அவர் உடனே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"உது சாதாரணக் கட்டி இல்லை, மாயாண்டி. உந்தக் கறுப்பு வருத்தத்தை நான் ஒரே ஒரு மனிசனில கண்டிருக்கிறன். காலில வந்தது."

"அவரு பொழைச்சாராங்கய்யா?"

டிரஸ்ஸர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "வெட்டிப் பாப்பம். வெட்டினாப் போயிடுமெண்டு மட்டும் நான் சொல்ல மாட்டன்."

மறுநாள் காலை வெட்டினார்கள். வெள்ளச்சியைப் பிடித்துக்கொள்ள மணியம் வந்திருந்தான். மணியம் பால் வெட்டுகிறவன், முப்பது வயதுக்காரன். வேலை இருந்த காலத்திலேயே தினம் நாலு மணிக்கு அவளுக்குப் புல் அறுத்துக் கொண்டுவருவான். யாரும் கேட்டு அவன் செய்ததில்லை. அவளும் அவனிடம் மட்டும் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அவன் வந்து நின்றால் கழுத்தைத் தாழ்த்தி, தாடையை அவன் இடது தோளில் வைத்துவிடுவாள். முழுக் கனத்தையும் வைப்பாள். அவன் அசையாமல் நிற்பான். பத்து வருஷமாகத் தீனி வைக்கிற மாயாண்டியின் தோளில் அவள் ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அன்றும் அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டுதான் அத்தனை வலியையும் தாங்கினாள். கத்தி பட்டதும் கட்டியிலிருந்து ரத்தம் வரவில்லை. தார் மாதிரி கறுப்பாக ஒன்று வழிந்தது. டிரஸ்ஸரின் விரல்களில் அது ஒட்டிக்கொண்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் போகவில்லை. அவ்வளவு வெள்ளையான உடம்புக்குள் அவ்வளவு கறுப்பு எங்கே இருந்தது என்று மாயாண்டிக்கு விளங்கவே இல்லை.

வெட்டிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். ஆறியது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மூன்று முளைத்தன. அடுத்தது பாஷாணம். லாலான் புல்லைச் சாகடிக்கத் தோட்டத்து ஸ்டோரில் வைத்திருந்ததை டிரஸ்ஸர் மாவில் குழைத்துக் கட்டிகளின்மேல் மட்டும் அப்பினார். பத்தாம் நாள் கட்டிகள் காய்ந்து, கறுப்புச் சிரட்டைபோலக் கழன்று விழுந்தன. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருந்தது. மாயாண்டி அன்று மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தினார். ஆறு மாதம் நன்றாகவே இருந்தாள்.

அந்த ஆறு மாதம் முடிகிற நேரத்தில்தான் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் லோரிகள் வந்து நின்றன. மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். வரமாட்டேன் என்றவர்களையும் ஏற்றினார்கள். நாற்பத்தோரு பேர் போனார்கள். மணியமும் போனான். லோரியில் ஏறும்முன் லாயத்துக்கு ஓடிவந்தான். அவள் தலையைத் தோளில் வாங்கிக்கொண்டு, மாயாண்டியிடம், "வாலடியில திரும்ப ஒண்ணு வர்ற மாதிரி இருக்குண்ணே. பாத்துக்கிட்டே இருங்க. நான் மூணு மாசத்துல வந்துருவேன்லா," என்றான்.

அப்போது வாலடியில் மட்டும்தான் இருந்தது.

ஆகஸ்டில் தொண்டையில் வந்தது. தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், இரண்டு பக்கமும். கோழிமுட்டை அளவில் ஆரம்பித்துத் தேங்காய் அளவுக்கு வந்தது. மூச்சு விடும்போது சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது. ஆண்கள் போனபின் அரைவாசி வீடுகள் அடைத்துக் கிடந்த லயம் அது. அந்தச் சத்தம் லாயத்திலிருந்து கிளம்பிக் கடைசி வீடு வரை கேட்டது. மத்தியானத்தில் பிள்ளைகள் அதைக் கேட்டு விளையாட்டை நிறுத்தினார்கள்.

போர்ட் டிக்சன் முகாமில் ஜப்பான் ராணுவத்தின் குதிரை டாக்டர் ஒருவர் இருப்பதாக டிரஸ்ஸர் கேள்விப்பட்டு ஒரு கடிதம் எழுதினார். வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார். ஒகுனோ என்று பெயர். நரைத்த மீசை, ஒல்லியான உடம்பு. கத்தியைக் கழற்றி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, வெள்ளச்சியின் முன்னால் தலை குனிந்து வணங்கினார். பிறகுதான் தொட்டார். கண், காது, தொண்டை, வால், வயிறு. ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திப் பார்த்தார். தெரிந்த கொஞ்சம் மலாயில் மாயாண்டியிடம் சொன்னார்: வெளுக்கிற குதிரைகளுக்கெல்லாம் இது வரும். என் அப்பாவின் குதிரைக்கும் வந்தது. வாலில் இருக்கும்வரை பத்து வருஷம்கூட ஓடும். உள்ளே போய்விட்டால் மருந்தில்லை. இவளுக்கு உள்ளே போய்விட்டது.

"இனி வெட்டக்கூடாதா?" என்று மாயாண்டி கேட்டார்.

ஒகுனோ தொண்டைக் கட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்காட்டி, இதற்கடியில் பெரிய ரத்தக் குழாய் என்று சைகை செய்தார். பிறகு, "எனாம் பூலான்," என்றார். ஆறு மாதம். தின்ன முடியாமல் போனால் ஆள் அனுப்பு, நானே வந்து முடித்துத் தருகிறேன் என்று இடுப்புத் துப்பாக்கியைத் தொட்டார். கிளம்பும்போது வழியில் இருந்த காலி வீடுகளைப் பார்த்தார். ஏன் காலி என்று கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள். மழை விட்டு வெயில் அடித்த சாயங்காலம், நாலு மணி. மாயாண்டி அவளை லாயத்து வாசலில் நிறுத்தி மரவள்ளி இலையை வதக்கிப் பிசைந்துகொண்டிருந்தார். மணியத்தின் பெண்டாட்டி பஞ்சாலை ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து போட்டாள். புருஷன் போனதிலிருந்து அவள்தான் புல் அறுத்துக் கொண்டுவந்தாள்.

திடீரென்று சீழ்க்கைச் சத்தம் நின்றது.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். தொண்டைக் கட்டி வந்ததிலிருந்து வெள்ளச்சி கழுத்தைத் தாழ்த்துவதில்லை. தாழ்த்த முடியாது. அவள் மெதுவாகக் கழுத்தை இறக்கினாள். காதுகள் தளர்ந்தன. கண் பாதி மூடியது. தாடையை வெறும் காற்றில், ஓர் ஆள் தோள் உயரத்தில் வைத்தாள். வைத்து அப்படியே கனத்தைச் சாய்த்தாள். முன்கால்கள் ஒரு பக்கம் சரிந்தன. எதன்மேலாவது சாயாமல் அப்படி நின்றால் எந்தக் குதிரையும் விழுந்துவிடும். அவள் விழவில்லை.

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியது. பஞ்சாலை அவளையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை வெள்ளச்சியின் தாடைக்குக் கீழே, மணல் தரைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கால்தடம்கூட இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெள்ளச்சி தலையைத் தூக்கினாள். சீழ்க்கை மறுபடி ஆரம்பித்தது.

"அண்ணே," என்றாள் பஞ்சாலை. "அது யாரு மேல தலைய வச்சுச்சு?"

மாயாண்டி பிசைந்த இலையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நான் அழ மாட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். நோவில் செய்கிறது என்று சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் தன் தோளுக்கு வராத தலை அது. அது யாருக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். "மணியம்தான்னு தோணுது புள்ள," என்றார்.

அவள் அழவில்லை. சொன்னபடியே புல்கட்டைப் பிரித்து உதறிப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பொட்டில்லாத நெற்றியோடு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறும் இல்லை. பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் மரவள்ளிக்கிழங்கை வைத்துப் படைத்தாள். படைக்க அரிசி இல்லை.

டிரஸ்ஸர் அதைக் கேட்டு மாயாண்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கடிந்துகொண்டார். "நீர் என்ன கதை சொல்லி வைச்சிருக்கிறீர்? கட்டி காதுக்குப் பின்னால ஏறியிருக்கு. மூளையை அமத்தினா மனிசனுக்கே இல்லாதது எல்லாம் தெரியும். குதிரைக்குத் தெரியாதோ?"

"அப்ப மூச்சுச் சத்தம் ஏங்கய்யா நின்னுச்சு?"

அடுத்த நாள் நாலு மணிக்கு டிரஸ்ஸரும் வந்து ஓர் ஓரமாக நின்றார். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் சேதி லயம் முழுவதும் பரவிவிட்டது. நாலு மணியானால் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் ஆண்கள் விட்டுப்போன சட்டைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். ராக்கம்மா என்பவள் மகனுடைய சட்டையை வெள்ளச்சியின் மூக்கருகே நீட்டினாள். வெள்ளச்சி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பினால் உயிரோடிருக்கிறான் என்று அர்த்தமா, இல்லையென்று அர்த்தமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கவும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ராக்கம்மா சட்டையை மடித்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். மாயாண்டி லாயத்துக் கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்திய கதவுக்கு வெளியே அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். கதவிடுக்கில் பாதங்கள் தெரிந்தன. திறந்துவிட்டார்.

டிசம்பரில் வெள்ளச்சி தின்பதை நிறுத்தினாள். இலைக்கூழை வாயில் வைத்தால் கடைவாயில் ஒதுக்கி வெளியே தள்ளினாள். பந்தயத்தில் மின்னிய தோல் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்து தொங்கியது. ஒகுனோவுக்கு ஆள் அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று மாயாண்டிக்குத் தெரிந்தது. அன்று மாலை பஞ்சாலை வந்தாள்.

"ஆள் அனுப்பிடாதீங்கண்ணே."

"அது படுற பாட்ட நீயே பாக்குறதானே."

"பாக்குறேன். அவரு எங்க விழுந்து கெடக்குறாருன்னுகூட எனக்குத் தெரியாது. இதுகிட்டதான் ஒருக்கா வந்தாரு. இன்னொருக்கா வந்தா ஒரு வார்த்த சொல்லிக்குவேன். அன்னைக்குப் பயத்துல ஒண்ணுமே சொல்லலண்ணே."

மாயாண்டி ஆள் அனுப்பவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரம் போயிற்று. பஞ்சாலை தினமும் நாலு மணிக்கு வந்து, அந்த இடத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருப்பாள். வெள்ளச்சி கழுத்தை நீட்டிச் சீழ்க்கையடித்துக்கொண்டு நிற்பாள். படுத்தால் மூச்சு அடைத்தது. அதனால் படுக்கவே இல்லை. பகலெல்லாம் மாயாண்டி அவள் பக்கத்தில் நின்று விலாவில் கைவைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரமும் ஒரு மனுஷிக்காக ஒரு வாயில்லாப் பிராணியைச் சித்திரவதை செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். அதைப் பின்னால் அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, அவளுக்குத் தண்ணீர் காட்டினார். ஆசையாகக் குடித்தாள். குடித்த தண்ணீர் அத்தனையும் இரண்டு மூக்குத் துளை வழியாகவும் திரும்பி வந்தது. கறுப்பு கலந்து வந்தது. பஞ்சாலை எழுந்து வந்து முந்தானையால் அந்த மூக்கைத் துடைத்தாள். துணியைப் பார்த்தாள்.

"போதும்ணே," என்றாள். "வரச் சொல்லுங்க."

ஒகுனோ மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். கூட ஆள் யாரையும் கூட்டிவரவில்லை. லாலான் காடாகிப்போன டென்னிஸ் இடத்துக்கு மாயாண்டி அவளை நடத்திக்கொண்டு போனார். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ரப்பர் மரங்களுக்கடியில் நின்றார்கள். ஒகுனோ முதல்முறை வந்தபோது போலவே தலை குனிந்து வணங்கினார். மாயாண்டி அவள் கண்ணை உள்ளங்கையால் மூடினார். சத்தம் கேட்டது. அவள் சரிந்தபோது அவருடைய கையிலிருந்த கயிறு இழுத்ததில் அவரும் முழங்காலில் விழுந்தார்.

ஒகுனோ சட்டையைக் கழற்றிவிட்டு, வெள்ளச்சியின் தொண்டையை அறுத்துத் திறந்து டிரஸ்ஸருக்குக் காட்டினார். தொண்டை நிறையக் கறுப்பு. காதுக்குப் பின்னால், கண்ணுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, எங்கும் கறுப்பு. "நான் சொன்னனே," என்று டிரஸ்ஸர் மெல்லிய குரலில் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒகுனோ கைகளைக் கழுவிவிட்டுக் காலி வீடுகளைப் பார்த்தபடி, எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். மாயாண்டி சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

இறைச்சி பார்த்து ஒரு வருஷமான லயம். இருந்தும் ஒருவரும் வெள்ளச்சியின்மேல் கத்தி வைக்கவில்லை. அங்கேயே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு காலைநேரம், லுக்குட் ரோட்டிலிருந்து எலும்பும் தோலுமாக ஓர் ஆள் தடி ஊன்றி நடந்து வந்தான். நாற்பத்தோரு பேரில் திரும்பியது ஏழு பேர். அதில் ஒருவன் மணியம்.

பஞ்சாலை குழாயடியில் வெள்ளைத்துணி உடுத்தி, வெறும் நெற்றியோடு குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்று பார்த்தான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சட்டையில் ஒழுகியதும்தான் அழ ஆரம்பித்தாள்.

மாயாண்டி இரண்டு நாள் அவர்கள் கண்ணில் படாமல் இருந்தார். உயிரோடிருந்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தது தன் வாய்தான் என்று அறையிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மணியமே வந்தான். காலி லாயத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"எப்பண்ணே போச்சு?"

"நீ போன வருசமே. டிசம்பர்ல."

"தொண்டைக் கட்டி ரொம்ப நோவு குடுத்துச்சாண்ணே? இந்தப் பக்கம் தேங்கா மாதிரி இருந்துச்சே."

மாயாண்டி அவனையே பார்த்தார். "ஒனக்கு யாரு சொன்னா? பஞ்சால சொல்லுச்சா?"

"அவ இன்னும் ஒண்ணும் பேசல." மணியம் இடது தோளைத் தடவிக்கொண்டான். "காலரா வந்து கெடந்தேன்ணே. செத்த ஆளுங்கள போடுற கொட்டாயில என்னையும் போட்டுட்டானுங்க. எத்தன நாளுன்னு தெரியல. மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கட்டி தோள்ல அழுத்திக்கிட்டே இருந்துச்சு. சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டுலதான் கெடந்தேன்."

வெளியே ஒரு ரப்பர்க் காய் வெடித்தது. மாயாண்டி எழுந்து போய்ப் பஞ்சாலையிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன்னை மன்னிக்கும்படி கேட்டார்.

"நீங்க பொய் சொல்லலண்ணே," என்றாள் அவள். "அவருதான் வந்தாரு. செத்தவங்கதான் வருவாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் மணியம் அவளுக்கு மறுபடி மஞ்சள் கயிறு கட்டினான். ராக்கம்மா அந்தப் பக்கம் வரவில்லை. அவள் மகன் திரும்பி வந்த ஏழு பேரில் இல்லை.

அடுத்த வருஷம் புதுத் துரை வந்தார். பந்தயத்துக்கு ஒரு குதிரை வாங்கப்போவதாகவும், அனுபவமுள்ள ஆள் வேண்டுமென்றும் சொல்லி மாயாண்டியை அழைத்தார். மாயாண்டி முடியாது என்றார். மறுநாளிலிருந்து மணியத்தின் பக்கத்து நிரையில் பால் வெட்டப் போனார். கை பழகக் கொஞ்ச நாளாயிற்று. முதல் வாரம் மரத்துக்கு மரம் பட்டையை ஆழமாக வெட்டிக் காயப்படுத்திவிட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினார்.